கைக்கு வேலை கேட்கும் குழந்தை: மரியா மொன்டிசோரியின் வாழ்வு நமக்குக் கூறுவது

கண்டி நகரிலும் அதனைச் சூழவுள்ள கட்டுகஸ்தோட்டை, அக்குறணை, மடவளை, கம்பளை முதலிய ஊர்களிலும் காலை வேளையில் வீதியோரம் நிற்பவர்களுக்கு ஒரு காட்சி தவறாது கிடைக்கும். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் தமது முதுகையே மறைக்கும் புத்தகப் பையுடன் தாயின் கையைப் பற்றிக்கொண்டு ‘மொன்டிசோரி’க்குச் சென்றுகொண்டிருப்பர். முன்பள்ளி என்ற நல்ல தமிழ்ச்சொல் இருந்தபோதிலும் நம்மவர் நாவில் வழங்குவது மொன்டிசோரி என்ற சொல்லே. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என மூவின மக்களும் ஒன்றுபோலப் பயன்படுத்தும் சொற்களுள் அதுவும் ஒன்று. ஆயினும், அது ஒரு பெண்மணியின் பெயர் என்பதையோ, அப்பெண்மணி இலங்கைக்கும் வந்து நம் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்துச் சென்றவர் என்பதையோ அறிந்தோர் நம்மிடையே மிகச் சிலரே.

அவரை இன்று நாம் நினைவுகூர வேண்டியதற்குக் காரணம் உண்டு. மொன்டிசோரி முடிந்து நண்பகலில் வீடு திரும்பும் பிள்ளையின் எஞ்சிய பொழுது எவ்வாறு கழிகின்றது என்பது பல வீடுகளில் தீராத பிரச்சினையாகியுள்ளது. கண்டி மலைச்சரிவில் அமைந்த நகரம். இங்குள்ள வீடுகள் பலவற்றுக்கு முற்றம் என்பதே இல்லை. வாசற்படியை விட்டு இறங்கினால் வாகனங்கள் நெருக்கியடிக்கும் வீதி. பிற்பகலானதும் மழை பிடித்துக்கொள்கிறது. வீட்டுக்குள்ளே அடைபட்ட பிள்ளை அழுகிறது. அடுப்படியில் நிற்கும் தாய்க்கு ஒரு கை போதவில்லை. முடிவில் கையடக்கத் தொலைபேசி பிள்ளையின் கைக்குப் போகின்றது. வீடு அமைதியாகிவிடுகின்றது. அந்த அமைதியை நாமும் ஒரு நிம்மதியாகவே ஏற்றுக்கொள்ளப் பழகிவிட்டோம்.

உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டலில், ஒரு வயதுக்கும் அதற்குக் குறைந்த வயதுக்கும் உரிய குழந்தைகளுக்குத் திரை முன் அமர்ந்திருக்கும் பழக்கமே பரிந்துரைக்கப்படவில்லை. இரண்டு முதல் நான்கு வயது வரையானோருக்கு நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேற்படலாகாது என்றும், அதனிலும் குறைவாக இருப்பதே நன்று என்றும் அவ்வழிகாட்டல் கூறுகின்றது. பெற்றோர் பலரும் இதனை ஓரளவு அறிந்தே இருக்கின்றனர். அவர்கள் கேட்பது வேறொரு கேள்வி. தொலைபேசியை வாங்கி வைத்துவிட்டு அதற்குப் பதிலாகப் பிள்ளையின் கையில் எதனைக் கொடுப்பது என்பதே அது. இக்கேள்விக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே விடை தேடியவர் மரியா மொன்டிசோரி.

இத்தாலியின் கியாரவாலே என்ற சிற்றூரில் 1870ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆந் திகதி பிறந்த மரியா, அரச உத்தியோகத்தர் ஒருவரின் ஒரே புதல்வி. பெண்கள் படித்தால் ஆசிரியைகளாகலாம், அதற்கு மேல் வேண்டியதில்லை என்று கருதப்பட்ட காலம் அது. மரியாவோ ஆண் பிள்ளைகளுக்குரியதெனக் கருதப்பட்ட தொழில்நுட்பப் பாடசாலையில் பயின்று, பின்னர் மருத்துவம் கற்கத் துணிந்தார். தந்தை விரும்பவில்லை; தாய் துணை நின்றார். ஆண் மாணவர்களோடு சேர்ந்து உடற்கூற்றுப் பரிசோதனை செய்வது பெண்ணுக்குத் தகாது என்று விலக்கப்பட்டமையால், மற்றவர்கள் சென்ற பின்னர் பிரேத அறையில் அவர் தனியாக நின்று கற்க வேண்டியிருந்தது. 1896ஆம் ஆண்டில் ரோம் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற அவர், இத்தாலியின் முதற் பெண் வைத்தியர்களுள் ஒருவரானார்.

பல்கலைக்கழக மனநல மருத்துவப் பிரிவில் பணியாற்றிய காலத்தில், மனநோயாளர்களுடன் ஒன்றாக அடைக்கப்பட்டிருந்த மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளை அவர் கண்டார். வெற்றுச் சுவர்களைத் தவிர அவர்களைச் சுற்றி எதுவும் இருக்கவில்லை. உணவு முடிந்ததும் அக்குழந்தைகள் தரையில் விழுந்து ரொட்டித் துகள்களைப் பொறுக்குவதைப் பேராசை என்று பராமரிப்பாளர்கள் எண்ணினர். தொட்டுப் பார்க்கவும் உருட்டிப் பார்க்கவும் வேறு பொருளின்றியே அவர்கள் துகள்களைத் தேடுகின்றனர் என்பது மரியாவுக்குப் புலப்பட்டதாக அவரது வரலாற்றை எழுதியோர் கூறுவர். குழந்தையின் அறிவு கையின் வழியாகவே உள்ளே செல்கின்றது என்ற கருத்து அவரிடம் வேர்கொண்டது இக்காலத்திலேயே. இட்டார், செகுவன் ஆகிய இரு பிரெஞ்சு வைத்தியர்களின் ஆய்வுகளைத் துருவிக் கற்ற அவர், அக்குழந்தைகளுக்கெனத் தொட்டுணரும் உபகரணங்களை உருவாக்கினார்.

1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆந் திகதி அவரது வாழ்வின் திருப்பமாக அமைந்தது. ரோம் நகரின் சான் லொரென்ஸோ பகுதி அக்காலத்தில் வறிய தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த இடம். அங்கிருந்த தொடர்மாடிகளைப் புதுப்பித்த கட்டட நிறுவனத்துக்கு ஒரு தொல்லை இருந்தது. பெற்றோர் வேலைக்குச் சென்றதும் பாடசாலை வயதை எட்டாத பிள்ளைகள் படிக்கட்டுகளில் ஓடித் திரிந்து சுவர்களைப் பழுதாக்கினர். அவர்களை ஓர் அறையில் சேர்த்து வைத்துப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டியிருந்தது. அப்பொறுப்பே மரியாவிடம் வந்தது. சுவரைக் காக்கும் நோக்கில் தொடங்கிய அவ்விடமே ‘குழந்தைகள் இல்லம்’ என்ற பெயருடன் உலகப் புகழ் பெற்றது.

நம் மலையகத்தின் தோட்டங்களில் கொழுந்து பறிக்கச் செல்லும் தாய்மார் தம் பிள்ளைகளை விட்டுச் சென்ற ‘பிள்ளைக் காம்பரா’க்களை அறிந்த எவருக்கும் இந்த வரலாறு அந்நியமாகத் தோன்றாது. உழைக்கும் ஏழைத் தாய்மாரின் பிள்ளைகளை வைத்தே மொன்டிசோரி முறை பிறந்தது. இன்று அப்பெயர் வசதி படைத்தோரின் கட்டணப் பள்ளிகளை நினைவூட்டுவது காலத்தின் முரண் எனலாம்.

அந்த அறையில் நடந்தவைதான் நமது கேள்விக்கு மிக நெருக்கமானவை. மரியா அங்கு சிறிய மேசைகளையும் சிறிய நாற்காலிகளையும் பிள்ளைகளின் கைக்கெட்டும் தாழ்ந்த அலுமாரிகளையும் அமைத்தார். ஒரு நாள் மூன்று வயது மதிக்கத்தக்க சிறுமி ஒருத்தி, மரக்கட்டையின் துளைகளிலிருந்து உருளைகளை எடுப்பதும் அளவு பார்த்து மீண்டும் பொருத்துவதுமாக இருந்தாள். அவளது கவனத்தைக் கலைத்துப் பார்க்க எண்ணிய மரியா, மற்றப் பிள்ளைகளைப் பாடச் சொன்னார். சிறுமியை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார். அவளோ உருளைகளை மடியில் அள்ளிக்கொண்டு தன் வேலையைத் தொடர்ந்தாள். நாற்பதுக்கும் மேற்பட்ட தடவைகள் அதனையே செய்து முடித்த பின்னர், களைப்பின்றி, நல்ல உறக்கத்திலிருந்து எழுந்தவள்போல மலர்ந்த முகத்துடன் நிமிர்ந்தாள். சிறு குழந்தைக்கு ஒன்றில் நிலைத்திருக்கும் பொறுமை இல்லை என்று பெரியோர் நம்பியிருந்தது பிழையென்று மரியா அன்று உணர்ந்தார்.

அதே அறைக்குச் செல்வந்தப் பெண்மணிகள் விலையுயர்ந்த விளையாட்டுப் பொருட்களை அன்பளிப்பாக அனுப்பினர். பிள்ளைகள் சிறிது நேரம் பார்த்துவிட்டு அவற்றை விட்டு அகன்றனர். பரிசாகக் கொடுக்கப்பட்ட இனிப்புகள்கூட அவர்களை அதிகம் கவரவில்லை. ஒரு நாள் ஆசிரியை அலுமாரியைப் பூட்ட மறந்தபோது, பிள்ளைகள் தாமாகவே வேண்டிய உபகரணத்தை எடுத்து வேலையில் ஈடுபட்டிருந்தனர். மரியா அவர்களைக் கண்டிக்கவில்லை. அன்று முதல் அலுமாரி திறந்தே இருக்க வழி செய்தார். பிள்ளைகள் கை கழுவினர், மேசை துடைத்தனர், உணவு பரிமாறினர். சொரசொரப்பான தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளை விரலால் தடவிப் பழகியவர்கள் சில மாதங்களில் எழுதவும் தொடங்கினர். மணலிலும் அரிசியிலும் விரலால் எழுதி ஏடு தொடக்கிய நம் மரபையும், மரப்பலகையில் எழுதிப் பழகிய ஓதற்பள்ளி மரபையும் அறிந்தோருக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும்.

1909ஆம் ஆண்டில் அவர் எழுதிய நூல் பல மொழிகளில் வெளியாயிற்று. 1915ஆம் ஆண்டு அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் கண்ணாடிச் சுவர்களுக்குள் அமைக்கப்பட்ட அவரது வகுப்பறையைப் பார்க்க மக்கள் திரண்டனர். ஆனால் அப்புகழின் பின்னே ஒரு துயரம் மறைந்திருந்தது. உடன் பணியாற்றிய வைத்தியர் ஒருவருடனான உறவில் 1898ஆம் ஆண்டு மரியாவுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. திருமணமாகாத தாய் என்பது வெளிப்பட்டால் அவரது பணிகள் யாவும் அன்றே முடிந்திருக்கும். மரியோ எனப்பட்ட அக்குழந்தை நாட்டுப்புறத்தில் வேறொரு குடும்பத்திடம் வளர்ந்தது. தாய் அவ்வப்போது சென்று பார்த்து வந்தார். தாம் யாரென்று கூறவில்லை. மரியாவின் தாய் 1912ஆம் ஆண்டில் மறைந்த பின்னரே, ஏறத்தாழ பதினைந்து வயதான மரியோ அன்னையிடம் வந்து சேர்ந்தார். அதன் பின்னரும் நெடுங்காலம் உறவினர் என்றும் வளர்ப்பு மகன் என்றுமே உலகுக்கு அறிமுகப்படுத்தப்பட்டார். சான் லொரென்ஸோவில் ஊராரின் பிள்ளைகளை மணிக்கணக்கில் அருகிருந்து கவனித்த அந்தத் தாய்க்கு, தன் பிள்ளையின் மழலைப் பருவத்தை அருகிருந்து காணும் பேறு கிட்டவில்லை. அவர் குழந்தைகளைப் பற்றி எழுதிய எதனையும் இந்த உண்மையை மறந்துவிட்டு வாசிக்க நம்மால் இயலாது.

அவர் குறையற்றவர் என்றும் நாம் கூற வரவில்லை. 1920களில் முசோலினியின் ஆட்சி அளித்த ஆதரவை அவர் ஏற்றுக்கொண்டார். அவரது பாடசாலைகள் அதனால் பெருகின. எனினும் பிள்ளைகளைக் கட்டளைக்கு அடிபணியும் படையாக்க விரும்பிய ஆட்சிக்கும், தானாகத் தேர்ந்து செயற்படும் பிள்ளையை விரும்பிய கல்விக்கும் நெடுநாள் ஒத்துப்போகவில்லை. 1934ஆம் ஆண்டில் இத்தாலியில் அவரது பாடசாலைகள் மூடப்பட்டன. ஹிட்லரின் ஜேர்மனியிலும் அவ்வாறே நிகழ்ந்தது. 1936ஆம் ஆண்டில் ஸ்பெயின் உள்நாட்டுப் போர் மூண்டதும் பார்சிலோனாவை விட்டு வெளியேறி நெதர்லாந்தில் தஞ்சமடைந்தார்.

1939ஆம் ஆண்டின் பிற்பகுதியில், பிரம்மஞான சபையின் தலைவரான ஜோர்ஜ் அருண்டேல், அவரது துணைவியார் ருக்மிணி தேவி ஆகியோரின் அழைப்பை ஏற்று மரியாவும் மரியோவும் சென்னை அடையாறு வந்து சேர்ந்தனர். ஓலைக் கொட்டகைகளில் நடைபெற்ற முதற் பயிற்சி நெறியில் சுமார் 300 பேர் கலந்துகொண்டனர். சில மாதங்களுக்கென வந்தவரை இரண்டாம் உலக மகா யுத்தம் ஆண்டுக்கணக்கில் தடுத்து நிறுத்திவிட்டது. 1940ஆம் ஆண்டு ஜூனில் இத்தாலி யுத்தத்தில் இறங்கியதும் இருவரும் எதிரி நாட்டவராகக் கருதப்பட்டனர். மரியோ அஹமத்நகர் முகாமில் அடைக்கப்பட்டார். மரியா அடையாற்றை விட்டு வெளியேறத் தடை விதிக்கப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்ட் 31ஆந் திகதி, மரியாவின் எழுபதாவது பிறந்த நாளை முன்னிட்டு, இந்தியாவின் பிரித்தானிய ஆட்சி மரியோவை விடுவித்துத் தாயிடம் அனுப்பியது. உலகுக்குச் சொல்லப்படாதிருந்த உறவு, ஒரு பிறந்தநாள் பரிசினால் மகன் என்ற பெயரையே பெற்றது.

1942ஆம் ஆண்டு முதல் இரண்டாண்டு காலம் அவர்கள் கொடைக்கானலில் தங்கினர். யுத்தத்துக்கு அஞ்சிச் சமவெளியை விட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் உள்ளூர்ப் பிள்ளைகளும் சேர்ந்த ஒரு சிறு பள்ளி அங்கு நடைபெற்றது. வெவ்வேறு வயதினர் ஒன்றாகப் பயின்றனர். மலையும் நீரோடையும் இலையும் பூச்சியுமே பெரும்பாலும் பாடப்புத்தகமாயின. பொருட்கள் யாவும் ஒன்றையொன்று சார்ந்து நிற்கின்றன என்பதைப் பிள்ளைக்கு உணர்த்தும் அவரது பிற்காலக் கல்விச் சிந்தனை உருப்பெற்றது அந்தத் தமிழ் மலையூரிலேயே என்பது நாம் பெருமையுடன் நினைக்கத்தக்கது. பிறப்பு முதல் மூன்று வயது வரையான பருவத்தின்மீது அவரது கவனம் ஆழமாகத் திரும்பியதும் அவர் இந்தியாவில் இருந்த ஆண்டுகளிலேயாகும்.

1944ஆம் ஆண்டில் அவர் இலங்கைக்கு வந்து ஆசிரியர் பயிற்சி நெறி ஒன்றை நடத்தினார். இந்தியத் துணைக்கண்டத்தில் அவர் தங்கியிருந்த காலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் பயிற்சி பெற்றனர். 1946இல் ஐரோப்பா திரும்பியவர் அடுத்த ஆண்டே மீண்டும் வந்தார். 1949ஆம் ஆண்டில் புதிதாகப் பிறந்த பாகிஸ்தானிலும் பயிற்சி வகுப்பு நடத்தினார். அந்த ஆண்டு தொடங்கி மூன்று ஆண்டுகள் நொபெல் சமாதானப் பரிசுக்கு அவரது பெயர் முன்மொழியப்பட்டது, பரிசு கிடைக்கவில்லை. 1952ஆம் ஆண்டு மே 6ஆந் திகதி, நெதர்லாந்தின் கடற்கரையூர் ஒன்றில், ஆபிரிக்காவுக்குச் சென்று ஆசிரியர்களைப் பயிற்றுவது பற்றி மரியோவுடன் பேசிக்கொண்டிருந்த அன்றே, 81ஆவது வயதில் அவர் காலமானார். தாயின் பணியை மகன் 1982ஆம் ஆண்டில் தாம் மறையும் வரை தொடர்ந்தார். ஒரு காலத்தில் அவரது பாடசாலைகளை மூடிய இத்தாலி, பிற்காலத்தில் தனது ஆயிரம் லிரா நாணயத்தாளில் அவரது உருவத்தைப் பொறித்தது.

இவ்வாழ்க்கையிலிருந்து கண்டியிலுள்ள ஒரு வீடு எடுத்துக்கொள்ளக்கூடியது யாது? குழந்தை எப்பொழுதும் வேடிக்கையைத்தான் கேட்கின்றது என்பது நமது தவறான எண்ணம். அது பெரும்பாலும் வேலையைக் கேட்கின்றது. தாய் செய்யும் வேலையைத் தானும் செய்ய வேண்டும் என்று அடுப்படியில் வந்து நிற்கின்றது. நாமோ குழப்படி செய்யாதே என்று விரட்டித் தொலைபேசியின் பக்கம் அனுப்புகின்றோம். பயறும் கடலையும் கலந்த ஒரு கிண்ணத்தைக் கொடுத்து வேறாக்கச் சொன்னால் நான்கு வயதுப் பிள்ளை நெடுநேரம் அமர்ந்திருக்கும். இரண்டு சிரட்டைகளும் சிறிது நீரும் ஒரு பழந்துணியும் போதும். ஊற்றுவதும் சிந்துவதும் துடைப்பதுமாக ஒரு பிற்பகல் கழியும். கைலேஞ்சிகளை மடிப்பது, வெங்காயத் தோலை உரிப்பது, இடியப்பத் தட்டுகளை அடுக்குவது, விருந்தினருக்குத் தண்ணீர் கொண்டு வருவது ஆகிய யாவும் மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைக்குப் பெருமை தரும் பணிகள். பருப்பு மணியை வாயில் இடும் சிறு குழந்தைகளுக்கு மட்டும் அவற்றைத் தவிர்த்துப் பெரிய பொருட்களைக் கொடுத்தல் வேண்டும்; பெரியவர் ஒருவர் கண்ணில் படும் தூரத்தில் இருத்தலும் வேண்டும்.

இதற்கெனப் பணம் செலவிட வேண்டியதில்லை. வீட்டின் ஒரு மூலையில் பிள்ளையின் கைக்கெட்டும் தாழ்ந்த தட்டு ஒன்றும், அதில் நான்கைந்து பொருட்களும் இருந்தால் போதுமானது. பொருட்களைக் குவித்து வைத்தால் பிள்ளை எதிலும் நிலைக்காது. ஒரு வேலையில் அது மூழ்கியிருக்கும்போது இடைமறித்துப் பாராட்டுவதையும் திருத்துவதையும் சற்று அடக்கிக்கொள்வதே பெரியோர் கற்க வேண்டிய கடினமான பாடம். முதல் சில நாட்கள் பிள்ளை தொலைபேசியைக் கேட்டு அழவே செய்யும். நீர் சிந்தும், கோப்பை உடையும், சமையல் தாமதமாகும். அப்பாரம் முழுவதையும் தாயின் தலையிலேயே ஏற்றிவிட்டுத் தந்தை தமது திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் எந்த முறையும் அந்த வீட்டில் நிலைக்காது.

2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டிருந்ததை நாம் எளிதில் மறந்துவிட முடியாது. சொல்லொணாத் துன்பம் தந்த நாட்கள் அவை. ஆயினும் அக்காலத்தில் நமது வீதியில் கண்ட ஒன்றை இங்கு குறிப்பிட வேண்டும். தொலைபேசிகள் உயிரிழந்த மாலைப்பொழுதுகளில் பிள்ளைகள் வாசற்படிகளில் அமர்ந்து கல் பொறுக்கி விளையாடினர். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சுவரில் கை நிழலால் மானும் நாயும் காட்டினர். மூதாட்டிகள் மறந்திருந்த கதைகளை மீட்டெடுத்தனர். வறுமையும் இருளும் நமக்கு வேண்டியதில்லை. ஆனால் பிள்ளைகளிடம் அந்த ஆற்றல் அழிந்துபோகவில்லை என்பதை அந்த மாலைகள் நமக்குக் காட்டின.

இன்னொரு பக்கத்தையும் நாம் மறக்கலாகாது. தாய் மத்திய கிழக்கு நாடொன்றில் வீட்டுப் பணிப்பெண்ணாக உழைக்க, பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் நமது தோட்டங்களிலும் கிராமங்களிலும் உள்ளனர். அப்பிள்ளைக்குத் திரை என்பது தாயின் முகம். அதனைப் பறிக்கச் சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. பிள்ளையைப் பிரிந்து ஊராரின் பிள்ளைகளுக்காக உழைத்த மரியா மொன்டிசோரியே அத்தாய்மாரின் வேதனையை நன்கு உணர்ந்திருப்பார். அவர்கள் பேசி முடித்த பின்னர், வெறுமையாகும் அந்தச் சிறு கைகளுக்கு ஒரு வேலை கொடுத்து அருகில் அமரும் பெரியவர் ஒருவரே அங்கு தேவைப்படுகின்றார். அயலவரும் உறவினரும் ஆசிரியரும் அந்த இடத்தை நிரப்ப முடியும்.

மரியாவின் பெயரைப் பலகையில் எழுதிவைத்துள்ள முன்பள்ளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். அப்பெயரை எவரும் பயன்படுத்தலாம், தடையில்லை. ஆனால் மூன்று வயதுப் பிள்ளைக்கு வீட்டுப்பாடமும் வரிவரியாக எழுத்துப் பயிற்சியும் கொடுத்துவிட்டு அப்பெயரைச் சூட்டிக்கொள்வது அப்பெண்மணிக்குச் செய்யும் மரியாதை ஆகாது. நாளை நண்பகலில் பிள்ளை வீடு திரும்பும்போது அதன் பையை இறக்கிவைத்து, அடுப்படியில் ஒரு சிறு பலகையைப் போட்டு, அதன் கையில் ஒரு வேலையைக் கொடுத்துப் பார்ப்போம். சிந்திய நீரைத் துடைக்க ஒரு துணியையும் அருகிலேயே வைத்துக்கொள்வோம்.